திருகோணமலையிலிருந்து அமெரிக்கக் கல்லூரிக்கு: தாராளமாக நிதியுதவி தரும் கல்லூரிகளைத் தேடிப் பிடிப்பது எப்படி?

அமெரிக்காவில் நல்ல தனியார் கல்லூரி ஒன்றில் படிப்பு, விடுதி, சாப்பாடு, காப்புறுதி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 80,000 முதல் 95,000 டொலர் வரை முடியும். அந்தத் தொகையைக் கேட்டவுடனேயே அநேகமான குடும்பங்கள் பேச்சை நிறுத்திவிடுகின்றன. ஆனால் அதே தொகையைக் கேட்கும் கல்லூரிகளில் சில, குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்து, கட்ட முடியாத மிகுதி முழுவதையும் தாமே ஏற்றுக்கொள்கின்றன. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். உள்துறைமுக வீதியில் மீன் விற்பவரின் பிள்ளைக்கும் தம்பலகாமத்தில் வயல் செய்பவரின் பிள்ளைக்கும் இது பொருந்தும். எந்தக் கல்லூரி என்று கண்டறிவதும், சம்பளச் சீட்டு இல்லாத வீட்டின் வருமானத்தைக் கடதாசியில் காட்டுவதும்தான் கடினமான இரண்டு வேலைகள். இந்தக் கட்டுரையில் அவற்றுக்கே அதிக இடம்.

1. எந்த வகை உதவி என்று முதலில் பாருங்கள்

கல்லூரிகள் தரும் பணம் இரண்டு வகை. திறமைக்குத் தருவது ஒன்று, தேவைக்குத் தருவது மற்றது. முகநூல் விளம்பரங்களில் வருவது பெரும்பாலும் முதலாவது. வருடம் 50,000 டொலர் கேட்கும் கல்லூரி 15,000 டொலர் புலமைப்பரிசில் தந்தால், மிச்சம் 35,000 டொலரை வருடாவருடம், 4 வருடமும் நீங்கள் கட்ட வேண்டும். சாதாரண வருமானமுள்ள குடும்பத்துக்கு அது உதவியே அல்ல.

நீங்கள் தேட வேண்டியது, அனுமதி கொடுத்த வெளிநாட்டு மாணவர் எல்லோருடைய முழுத் தேவையையும் நிறைவுசெய்வதாக எழுத்தில் சொல்லும் கல்லூரிகளை. மொத்தச் செலவிலிருந்து உங்கள் குடும்பம் கட்டக்கூடியது எனக் கல்லூரி கணிக்கும் தொகையைக் கழித்தால் வருவதுதான் அந்தத் தேவை. கணிப்பது அவர்கள், நீங்கள் அல்ல. கடதாசிகள் சரியாக இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

இவற்றுக்குள்ளும் இரண்டு பிரிவு உண்டு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மத், பிரவுண், அம்ஹெர்ஸ்ட், போடொய்ன் ஆகியவை ‘நீட் பிளைண்ட்’: நீங்கள் பணம் கேட்கிறீர்கள் என்பதை அனுமதி முடிவில் கணக்கெடுப்பதில்லை. ஹார்வர்டும் எம்ஐடியும் 2025 முதல் வருட வருமானம் 100,000 டொலருக்குக் குறைந்த, வழமையான சொத்துள்ள குடும்பங்களிடம் எதுவும் வாங்குவதில்லை. இலங்கையில் அநேகமாக எல்லாக் குடும்பமும் அந்த எல்லைக்குள் வந்துவிடும். ஆனால் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி ஆகிய நான்கிலும் விண்ணப்பிக்கும் 100 பேரில் 5 பேருக்கும் குறைவாகவே இடம் கிடைக்கிறது. இவற்றை மட்டும் நம்பிப் பட்டியல் போட வேண்டாம்.

மற்றப் பிரிவு ‘நீட் அவெயர்’. முடிவெடுக்கும்போது உங்கள் தேவையின் அளவையும் பார்ப்பார்கள்; அனுமதி தந்துவிட்டால் முழுத் தேவையையும் தருவார்கள். வில்லியம்ஸ், பொமோனா, ஸ்வார்த்மோர், வாசர், வெஸ்லியன், கோல்பி, மக்கலெஸ்டர் போன்றவை இந்த வகை. பெண் பிள்ளைகளுக்கு ஸ்மித், மவுண்ட் ஹோலியோக், பிரின் மார், வெல்ஸ்லி ஆகிய மகளிர் கல்லூரிகளும் உண்டு. எங்கள் ஊரில் இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டவர் குறைவு. அதற்காக இவற்றைத் தள்ளிவிடாதீர்கள். சிறிய கல்லூரிகள், ஆனால் தரத்திலும் பணத்திலும் பெரியவை.

கென்டக்கியிலுள்ள பெரியா கல்லூரி தனி ரகம். அங்கே யாரிடமும் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. எல்லா மாணவரும் வாரம் குறைந்தது 10 மணிநேரம் கல்லூரிக்குள் வேலை செய்ய வேண்டும். வெளிநாட்டவருக்கு ஒதுக்கும் இடங்கள் மிகச் சில.

2. விளம்பரத்தை விட்டு எச்6 ஐப் பாருங்கள்

ஒரு கல்லூரி உண்மையிலே தாராளமானதா என்பதை 10 நிமிடத்தில் சோதிக்கலாம். அமெரிக்கக் கல்லூரிகளில் அநேகமானவை ‘கொமன் டேட்டா செட்’ என்ற ஆவணத்தை வருடாவருடம் வெளியிடுகின்றன. கல்லூரியின் பெயரோடு இந்தச் சொல்லையும் சேர்த்து ஆங்கிலத்தில் கூகிளில் தேடினால் பிடிஎஃப் கிடைக்கும். அதில் ‘எச்’ பகுதியின் 6ஆம் கேள்வி வெளிநாட்டு மாணவருக்கான உதவி பற்றியது. எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், சராசரியாக ஒருவருக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று அங்கே இருக்கும். அதே ஆவணத்தின் ‘பி2’ அட்டவணையில் வெளிநாட்டு இளநிலை மாணவர் மொத்தம் எத்தனை பேர் என்று இருக்கும். இந்த எண்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. முதற் கல்லூரியில் வெளிநாட்டவர் 250 பேர், உதவி பெறுவோர் 150 பேர், சராசரி 70,000 டொலர், மொத்தச் செலவு 88,000 டொலர். இரண்டாவதில் வெளிநாட்டவர் 600 பேர், உதவி பெறுவோர் 400 பேர், சராசரி 14,000 டொலர், மொத்தச் செலவு 52,000 டொலர். இரண்டாவது கல்லூரி ‘மூன்றில் இரண்டு பங்கு வெளிநாட்டு மாணவருக்குப் புலமைப்பரிசில்’ என்று விளம்பரம் செய்யலாம், அதில் பொய்யும் இல்லை. ஆனால் அங்கே வருடம் 38,000 டொலர் உங்கள் தலையில் விழும். முதற் கல்லூரியின் சராசரி உதவி மொத்தச் செலவில் கிட்டத்தட்ட 80 சதவீதத்தைத் தொடுகிறது. ஓரளவு கட்டக்கூடிய குடும்பங்களும் அந்தச் சராசரிக்குள் இருப்பதால், கட்ட முடியாத குடும்பத்துக்குக் கிடைப்பது அதைவிடக் கூட என்று எடுக்கலாம். சராசரி உதவி மொத்தச் செலவில் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தக் கல்லூரியைப் பட்டியலில் கடைசிக்குத் தள்ளுங்கள்.

எச்6 இல் வெளிநாட்டவருக்கு உதவி இல்லை என்ற பெட்டியில் அடையாளம் இருந்தால் அத்தோடு விடுங்கள். அரச பல்கலைக்கழகங்களில் இது சாதாரணம். கல்லூரித் தளங்களிலுள்ள செலவுக் கணிப்பான்களும் அதிகம் உதவா. பெரும்பாலானவை அமெரிக்க வரிப் படிவத்தை வைத்துச் செய்யப்பட்டவை.

தரகர்கள் இந்தக் கல்லூரிகளின் பெயரைச் சொல்லவே மாட்டார்கள். முழுக் கட்டணம் கட்டும் மாணவரை அனுப்பினால் தரகு தரும் கல்லூரிகளிடமிருந்துதான் அவர்களுக்கு வருமானம். யாராவது முற்பணம் வாங்கிக்கொண்டு முழுப் புலமைப்பரிசில் எடுத்துத் தருவதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கொழும்பில் அமெரிக்க இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் இயங்கும் எடியுகேஷன் யுஎஸ்ஏ நிலையம் இலவசமாக ஆலோசனை தருகிறது. முதலில் மின்னஞ்சல் அனுப்பிப் பேசுங்கள்; இரவுப் பயணம் போக வேண்டிய தேவை பல நேரம் வராது.

3. 10 முதல் 12 கல்லூரிகள் போதும்

‘கொமன் அப்’ என்ற பொது விண்ணப்பத்தில் 20 கல்லூரி வரை சேர்க்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டுரை கேட்கும். நீட் பிளைண்ட் 2 அல்லது 3, முழுத் தேவையையும் தரும் நீட் அவெயர் 6 அல்லது 7, எச்6 எண்கள் நன்றாக இருந்து அனுமதி சற்று இலகுவான 2 என்று எடுங்கள். பிள்ளை பெண் என்றால், பங்களாதேஷின் சிட்டகொங்கிலுள்ள ஆசிய மகளிர் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். அங்கே பெரும்பாலானோர் புலமைப்பரிசிலில்தான் படிக்கிறார்கள்.

விண்ணப்பக் கட்டணம் பொதுவாக 50 முதல் 90 டொலர். கோல்பி, கார்ல்டன், கிரினெல், ஸ்மித் போன்றவை கட்டணமே வாங்குவதில்லை. மற்றவற்றுக்குக் கொமன் அப்பிலேயே கட்டண விலக்குக் கேட்கும் பகுதி இருக்கிறது. வெளிநாட்டவரும் அதை நிரப்பலாம்.

4. உயர்தரப் பரீட்சையும் விண்ணப்பக் காலமும் முட்டிக்கொள்ளும்

கொமன் அப் ஒகஸ்ட் 1 திறக்கும். முற்கூட்டிய விண்ணப்பத்தின் கடைசித் திகதி பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15, வழமையான விண்ணப்பத்துக்கு ஜனவரி முதல் வாரம். எங்கள் உயர்தரமோ 2024இலும் 2025இலும் நவம்பரில்தான் தொடங்கியது. இரண்டையும் ஒன்றாக இழுத்தால் இரண்டும் கெடும்.

எனவே உயர்தரத்தை எழுதி முடித்து, அடுத்த ஜனவரியிலிருந்து ஒக்டோபர் வரை பரீட்சைகள், கட்டுரைகள், கடதாசிகளை முடித்து, அந்த வருடம் விண்ணப்பித்து, அதற்கடுத்த ஒகஸ்டில் போவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஒரு வருட இடைவெளியை இந்தக் கல்லூரிகள் குறையாகப் பார்ப்பதில்லை. பெறுபேறும் கையில் இருக்கும்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கான விண்ணப்பத்தை மட்டும் விடாமல் போடுங்கள். ஆனால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்திலோ வேறெங்கோ பதிவு செய்து பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டால், அமெரிக்கக் கல்லூரி உங்களை இடையில் மாறிவரும் மாணவராகக் கணக்கெடுக்கலாம். அந்த வகைக்கு வெளிநாட்டவருக்கான உதவி பல இடங்களில் மிகக் குறைவு. பதிவுத் திகதி நெருங்கினால், பட்டியலிலுள்ள ஒவ்வொரு கல்லூரிக்கும் நிலைமையை எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

‘ஏர்லி டிசிஷன்’ என்பது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். ஒரு கல்லூரிக்குத்தான் போடலாம். கிடைத்தால் போக வேண்டும். தரப்படும் உதவி போதாவிட்டால் விலகலாம். நீட் அவெயர் கல்லூரி ஒன்றை மனதார விரும்பினால் பயன்படுத்துங்கள்.

5. பரீட்சைகள்

தமிழ் மொழிமூலம் படித்தவர்கள் ஆங்கிலத் தேர்ச்சியைக் காட்ட வேண்டும். டுவோலிங்கோ ஆங்கிலப் பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம். கட்டணம் சுமார் 70 டொலர், பெரும்பாலான கல்லூரிகள் ஏற்கின்றன. மின்வெட்டும் இணையத் தடங்கலும்தான் இதில் பிரச்சினை. பரீட்சை இடையில் அறுந்தால் செல்லாது. நல்ல ஃபைபர் இணைப்புள்ள வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு தனியே இருந்து எழுதுங்கள். பின்னால் யாராவது நடந்துபோனாலும் பெறுபேற்றை நிறுத்திவிடுவார்கள்.

எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுப் பரீட்சையின் கட்டணம் வெளிநாட்டவருக்குச் சுமார் 110 டொலர். ஹார்வர்ட், எம்ஐடி, பிரவுண் போன்றவை நுழைவுப் பரீட்சைப் புள்ளி கேட்கின்றன. அம்ஹெர்ஸ்ட், போடொய்ன், வில்லியம்ஸ் உட்படப் பல கேட்பதில்லை. மத்திய நிலையங்கள் பெரும்பாலும் கொழும்பில். முதல் நாளே போய்த் தங்குங்கள். இரவு பஸ்ஸில் இறங்கி நேரே மண்டபத்துக்குப் போகும் பிள்ளை கணிதத்தில் பிழை விடும்.

6. பெயரும் பாடசாலைக் கடதாசிகளும்

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ், கடவுச்சீட்டு ஆகியவற்றில் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றுக்கொன்று மாறியிருப்பது எங்களிடம் சர்வசாதாரணம். ஒன்றில் முதலெழுத்து மட்டும், மற்றதில் தகப்பன் பெயர் முழுதாக. முதலில் கடவுச்சீட்டை எடுங்கள். எங்களுக்கு வவுனியாப் பிராந்திய அலுவலகம் பத்தரமுல்லையைவிடக் கிட்ட. பிறகு கொமன் அப், எஸ்ஏடி, டுவோலிங்கோ, சிஎஸ்எஸ் (8ஆம் பகுதியில் வரும் நிதியுதவிப் படிவம்) எல்லாவற்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடி, ஓர் எழுத்தும் மாறாமல் எழுதுங்கள். பெயர் மாறினால் புள்ளிகள் உங்கள் கோப்பில் போய்ச் சேரா. விண்ணப்பம் முழுமையற்றதாகக் கிடக்கும், யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள்.

பாடசாலை தர வேண்டியவை: தரம் 9 அல்லது 10 முதலான தவணைப் புள்ளிகள், பாடசாலை அறிக்கை, அதிபர் அல்லது பகுதித் தலைவரின் பரிந்துரை, இரண்டு பாட ஆசிரியரின் பரிந்துரை. இவர்கள் ஒவ்வொருவரும் தம் மின்னஞ்சலிலிருந்தே ஏற்ற வேண்டும். எங்கள் பாடசாலைகள் பலவற்றுக்கு இது பழக்கமில்லாத வேலை. செப்டெம்பரிலேயே அதிபரைச் சந்தித்து, என்னென்ன வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். தமிழில் எழுதித் தந்தால் போதும், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மாற்றி இரண்டையும் இணைக்கலாம். புள்ளிகளை ஜீபிஏ என்ற அமெரிக்கச் சராசரிப் புள்ளியாக மாற்றாதீர்கள். உள்ளது உள்ளபடி போகட்டும். ரியூஷன் ஆசிரியரின் கடிதம் பாடசாலைக் கடிதத்துக்கு ஈடாகாது.

7. வருமானத்தைக் காட்டுவது

அரச ஊழியர் வீட்டுக்குப் பிரச்சினை இல்லை: சம்பளச் சீட்டு, வங்கிக் கூற்று, தொழில் உறுதிக் கடிதம். மற்ற வீடுகள்தான் தடுமாறுகின்றன.

கிராம உத்தியோகத்தரின் பரிந்துரையோடு பிரதேச செயலாளர் கையொப்பமிடும் வருமானச் சான்றிதழை முதலில் எடுங்கள். உத்தியோகத்தர் அலுவலகத்தில் இருக்கும் நாளைக் கேட்டுப் போங்கள். இரண்டு மூன்று கிழமை ஒதுக்குங்கள். சான்றிதழில் எழுதும் தொகையும் வங்கிப் புத்தகமும் ஒத்துப்போக வேண்டும். மானியத்துக்காக மாதம் 10,000 ரூபாய் என்று எழுதுவித்துவிட்டு, கணக்கில் கட்டாரிலிருந்து மாதாமாதம் பணம் விழுந்திருந்தால், கல்லூரி எதையும் நம்பாது.

மீன்பிடி, விவசாயம், சிறு வியாபாரம் செய்யும் வீட்டுக்கு ஒரு பக்க வருமானத் தாள் தயாரியுங்கள். 12 மாதத்துக்கும் 12 வரிசை. மீன்பிடி என்றால் ஒவ்வொரு வரிசையிலும் மீன் விற்ற தொகை, மண்ணெண்ணெய், ஐஸ், வலை திருத்திய செலவு, கூட்டாளிகளின் பங்கு, கடைசியில் வீட்டுக்கு வந்தது. மாரிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் பூச்சியம் வந்தால் பூச்சியமே எழுதி, கீழே ‘வடகீழ்ப் பருவமழை, கடலுக்குப் போகவில்லை’ என ஒரு வரி சேருங்கள். மீன் எடுக்கும் முதலாளியின் கொப்பியைப் படமெடுத்து இணைக்கலாம். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமோ கமக்காரர் அமைப்போ தரும் கடிதம் அந்தத் தாளுக்குப் பலம். வயல் என்றால் மாதக் கணக்கை விட்டு, பெரும்போகம், சிறுபோகம் என இரண்டாகப் பிரியுங்கள்.

வரிப் படிவம் கேட்பார்கள். 2025 ஏப்ரல் முதல் வருடம் 18 இலட்சம் ரூபாய் வரையான வருமானத்துக்கு வருமான வரி இல்லை. அதற்குக் கீழே உழைப்பவர் அதைச் சொல்லி, வரிப் படிவம் இல்லை என்று தகப்பனோ தாயோ கையொப்பமிட்ட கடிதம் கொடுத்தால் போதும்.

கனடா மாமா அனுப்பும் பணத்தை மறைக்காதீர்கள். எவ்வளவு, எப்போது, எதற்கு என்று எழுதுங்கள். ஒருமுறை வீட்டுக் கூரைக்கு அனுப்பியது நிரந்தர வருமானம் அல்ல என்பதை அவர்கள் விளங்கிக்கொள்வார்கள். கடனையும் காட்டுங்கள். வங்கி அடகுச் சீட்டுகள், நுண்கடன் அட்டை எல்லாம் சான்றுதான். காணி அனுமதிப்பத்திரக் காணி என்றால் விருப்பப்படி விற்க முடியாதது என்று குறிப்பிடுங்கள். கௌரவத்துக்காக வீட்டின் பெறுமதியைக் கூட்டி எழுதுவது உதவியை நேரே குறைக்கும்.

தகப்பன் இல்லாத வீடுகளுக்கு மரணச் சான்றிதழ். யுத்தக் காலத்தில் காணாமற்போனவர் என்றால் பதிவாளர் நாயகம் வழங்கும், காணாமற்போனமைக்கான சான்றிதழ் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. அது இல்லாவிட்டால் நிலைமையை விளக்கும் தாயின் சத்தியக் கடதாசியைச் சமாதான நீதவான் முன் முடியுங்கள். பெட்டியை வெறுமையாக விட்டால் தகப்பனின் வருமானத்தையும் கேட்டுக் கோப்பை நிறுத்தி வைப்பார்கள்.

8. சிஎஸ்எஸ் புரொஃபைல்

தேவைக்கான உதவிக்குப் பெரும்பாலான கல்லூரிகள் கேட்கும் இணையப் படிவம் இது. ஒக்டோபர் 1 திறக்கும். முதற் கல்லூரிக்கு 25 டொலர், பிறகு ஒவ்வொன்றுக்கும் 16 டொலர். 10 கல்லூரிக்கு 169 டொலர். கட்டுவதற்கு முன் ஒவ்வொரு நிதியுதவி அலுவலகத்துக்கும் எழுதிக் கட்டண விலக்குக் குறியீடு இருக்கிறதா, இல்லாவிட்டால் வெளிநாட்டு மாணவருக்கான இலவச நிதியுதவிப் படிவமான ஐஎஸ்எஃப்ஏஏ ஐ ஏற்பார்களா என்று கேளுங்கள். கேட்டால் பலர் தருகிறார்கள். வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவைத் திறந்து வைத்திருங்கள். கடைசி இரவில் அட்டை மறுக்கப்பட்டு நிற்பவர்கள் வருடாவருடம் உண்டு.

நாணயத்தை இலங்கை ரூபாய் என்று தெரிந்து, எல்லாத் தொகையையும் ரூபாயிலேயே எழுதுங்கள். படிவம் தானே மாற்றும். அதிகம் நடக்கும் பிழைகள், மாதத் தொகையை வருடத் தொகைப் பெட்டியில் போடுவதும் ஒரு பூச்சியம் கூடுவதும். எங்கள் வரி வருடம் ஏப்ரலில் தொடங்குகிறது, அவர்கள் ஜனவரி முதல் டிசம்பர் வரை கேட்கிறார்கள். அதற்காகத்தான் 12 மாதத் தாள்.

எஃப்ஏஎஃப்எஸ்ஏ என்ற படிவம் அமெரிக்கருக்கானது, அதைத் தொடாதீர்கள். கொமன் அப்பில் நிதியுதவி வேண்டுமா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டால் இடம் இலகுவாகக் கிடைக்கும், பிறகு கேட்கலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அப்படிச் சேர்ந்த வெளிநாட்டு மாணவருக்குப் பல கல்லூரிகள் 4 வருடமும் உதவி தருவதில்லை.

9. கடிதம் வந்த பிறகு

முடிவுகள் மார்ச் கடைசியில் வரும், மே 1க்குள் பதில். உதவிக் கடிதத்தில் மானியம், கடன், வளாக வேலை மூன்றையும் பிரித்துப் பாருங்கள். வளாக வேலைப் பணம் முன்கூட்டி வராது. வேலை செய்த பிறகுதான் சம்பளமாக வரும். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் தரும் மானியத்தில் வெளிநாட்டவரிடம் வழக்கமாக 14 சதவீத வரி பிடிப்பார்கள். அதைக் கல்லூரி ஏற்குமா, மருத்துவக் காப்புறுதியும் விமானச் சீட்டும் கணக்கில் உண்டா என்று எழுதிக் கேளுங்கள். தொகை போதாவிட்டால் ஏப்ரல் முதல் வாரத்திலேயே புதிய சான்றுகளோடு மீள்பரிசீலனை கேட்கலாம். சேர்வு முற்பணத்துக்கும் விலக்குக் கேட்கலாம்.

கையிலிருந்து போக வேண்டியவை: செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் 350 டொலர், எஃப்-1 மாணவர் விசா விண்ணப்பக் கட்டணம் 185 டொலர், கொழும்புப் பயணம், கல்லூரி ஏற்காவிட்டால் விமானச் சீட்டு. கட்டணங்கள் கூடக்கூடும், கட்டும் அன்று தூதரகத் தளத்தில் பாருங்கள். விசாவுக்காகக் கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவம் வந்த நாளே தூதரக நேர்முகத் திகதி எடுங்கள். ஜூன், ஜூலையில் இடம் கிடைப்பது கஷ்டம். யார் செலவு செய்கிறார் என்பதே அங்கே முக்கியமான கேள்வி. உதவிக் கடிதம், ஐ-20, வருமானச் சான்றிதழ் மூன்றிலும் தொகைகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று முதல் நாள் இரவே ஒருமுறை சரிபாருங்கள்.